சிவப்புச் சரிவகத்தின் கட்சி

பேட்டர்ன் பிளாக்ஸ் என்ற வண்ண வடிவக் கட்டைகளை வைத்துப் பின்னப் பெருக்கல் சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் மஞ்சள் அறுகோணத்தை ‘ஒன்று’ என்று வைத்துத் தொடங்கி, அதோடு நின்றுவிடுகிறார்கள். நான் சிவப்புச் சரிவகத்தின் கட்சி. நான்கு நீலச் சாய்சதுரங்களை மேசைமேல் வையுங்கள். அறுகோணம் ஒன்று என்றால் அது 4 × 1/3. மூன்று நீலம் சேர்ந்து ஒரு மஞ்சளை நிறைத்துவிடும், ஒன்று மிச்சம். விடை 1 1/3. இப்போது கட்டைகளைத் தொடாமல், சரிவகம்தான் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு நீலமும் 2/3 ஆகிவிடும், கணக்கும் 4 × 2/3 ஆகிவிடும். நீலத்துக்கு இரண்டு பச்சை முக்கோணம் என்று மாற்றினால் மொத்தம் எட்டு. மும்மூன்றாகச் சேர்த்தால் இரண்டு சரிவகம் போக இரண்டு பச்சை நிற்கும், 2 2/3. எதை ஒன்று என்கிறோமோ அதை வைத்துத்தான் பின்னம் என்பதை இத்தனை சிக்கனமாகக் காட்டும் பொருள் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அறுகோணத்தையே கட்டிக்கொண்டு அழுதால் நீலம் காலத்துக்கும் 1/3 தான்.

தொகுதியைப் பெருக்கு, பகுதியை அப்படியே விடு என்று ஒரே வரியில் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இத்தனை கட்டை என்பார்கள். அந்த வரி மனதில் தங்காத பிள்ளை 4 × 2/3 என்ற கணக்கில் மேலேயும் கீழேயும் பெருக்கி 8/12 என்று எழுதும். அதைச் சுருக்கினால் 2/3. அதாவது, நான்கு நீலம் சேர்ந்தும் ஒரு நீலத்துக்குத்தான் சமம்! கட்டையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தத் தவறு கண்ணிலேயே உறுத்தும். எத்தனை மடங்கு வைத்தாலும் பச்சை முக்கோணம் சின்னதாகப் போவதில்லை, பகுதி ஏன் மாற வேண்டும்?

கட்டைகளுக்குப் பதில் பின்ன வட்டத் துண்டுகளை விரும்புகிறவர்களின் வாதம் இதைவிட வலுவானது. வட்டத்தில் 1/5, 1/8 எல்லாம் உண்டு, இந்தப் பெட்டியில் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஐந்தில் ஒன்று வேண்டுமானால் நீளத்துக்கொரு நிறமுள்ள குய்சனேர் கோல்களில் ஆரஞ்சை ஒன்றாக வைத்துச் சிவப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வட்டத் துண்டின் வளைந்த விளிம்பு எப்போதும் தன் பழைய வட்டத்தையே தேடும். இன்னொன்றை முழுசு என்று ஏற்காது. போதாததற்கு இப்போது அதன்மேல் 1/6, 1/3 என்று அச்சடித்தும் விற்கிறார்கள். 1960களில் அமெரிக்காவின் எலிமென்டரி சயின்ஸ் ஸ்டடி திட்டத்தில் பிறந்த பேட்டர்ன் பிளாக்ஸுக்கு நிறம் மட்டும்தான் அடையாளம். எண்ணை அச்சடித்த மறுகணமே சரிவகத்தின் வித்தை போயிற்று. (ஆரஞ்சுச் சதுரத்தை இந்த ஆட்டத்தில் சேர்க்காதீர்கள், பக்கம் பொருந்தும், பரப்பு பொருந்தாது. அதில் எத்தனை பச்சை என்று கேட்டால் √3 குறுக்கே வந்து நிற்கும்.)

மலிவு அச்சில் வார்த்த கட்டைகளும் ஒரு தொல்லை. சரிவகத்தின் நீண்ட பக்கம் மற்றப் பக்கங்களைப் போல மிகச் சரியாக இரண்டு மடங்கு இருந்தாக வேண்டும். வாங்குமுன் இரண்டு சிவப்பை ஒரு மஞ்சளின்மேல் பொருத்திப் பாருங்கள். விளிம்பு தாண்டினால் பெட்டியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம்.