மின்திரையில் மாணவர் ஓவியம்

கலைக்கு அரங்கு அமைத்துத் தருவது நற்பணியே. ஆயினும் அரங்கின் பெருமை கலையின் பெருமையாகிவிடாது. மாணவர்கள் கணினியில் தீட்டும் ஓவியங்களைப் பொதுவிடங்களின் மின்திரைகளில் காட்டும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் உண்டு. தம் பிள்ளையின் படைப்பை ஊரார் காண்பதில் பெற்றோர் பூரிக்கின்றனர். அப்பூரிப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. படைப்புக்கு அங்கே நீதி கிடைக்கிறதா என்பதே நம் வினா.

விடை காண நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தை நோக்கலாம். அங்கிருந்த ஒளிப்பலகையொன்றில், 1982 முதல் 1990 வரை, விளம்பரங்களுக்கிடையே கலைஞர்களின் படைப்புகள் காட்டப்பட்டன. 1987-இல் சிலி நாட்டவரான ஆல்ஃபிரடோ ஜார் அதில் ஒரு படைப்பை அளித்தார். அமெரிக்கா என்னும் பெயர் ஐக்கிய நாடுகளுக்கு மட்டும் உரியதன்று, வடக்கும் தெற்குமான அப்பெருநிலம் முழுமைக்கும் உரியது என்பதே அதன் கருத்து. ஒரு நிமிடத்துக்கும் குறைந்த பொழுது, சில சொற்கள், எளிய நிலப்படக் கோடுகள். வழிப்போக்கர் நெடுநேரம் நிற்கமாட்டார் என்பதை உணர்ந்து, அப்பலகைக்கென்றே ஆக்கப்பட்டமையால் அது வென்றது. 2014-இல் அதே சதுக்கத்தில் மீண்டும் காட்டப்பட்டது. 2012 முதல் அங்கு நடைபெறும் ஏற்பாட்டின்படி, இரவு 11.57 முதல் 12 மணி வரை விளம்பரங்கள் ஒதுங்கிக்கொள்ள, பல திரைகளிலும் ஒரே கலைஞரின் படைப்பு ஒளிர்கிறது.

மாணவர் ஓவியமோ ஒரு முழத் தொலைவில் கண்வைத்து நுணுக்கமாகத் தீட்டப்பட்டது. பொதுத்திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிப்புள்ளிகளோ தொலைவிலிருந்து காண்பதற்காக இடைவெளி விட்டுப் பதிக்கப்பட்டவை. மெல்லிய கோடு அங்கே சிதைந்துபோகும். மென்னிறங்கள் பகல் வெயிலில் வெளிறும். இதனை முன்னரே உணர்த்தாமல் படத்தை வாங்கி ஏற்றிவிட்டால், திரையின் குறை மாணவனின் குறையாகத் தோன்றாதோ? முப்பது படங்களை ஐந்தைந்து நொடிகளாக ஓட்டினால், பேர்த்தியின் படம் காண வந்த மூதாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் பற்பசை விளம்பரம் வந்துவிடும்!

ஆகவே, காட்சியமைப்போர் படங்களைக் குறைத்துப் பொழுதைக் கூட்டுதல் வேண்டும். வரைந்தவர் பெயர் படிக்கும் அளவில் நிற்றல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் மாணவனைத் திரைக்கு எதிரே, சாலையின் மறுபுறம் நிறுத்தித் தன் படத்தை ஒருமுறை காணச் செய்து, திருத்தி வரைய வாய்ப்பளித்தல் வேண்டும். கைதட்டலைவிட அந்த ஒருமுறைப் பார்வையே அவனுக்குப் பெரும்பாடம்.