ஜெபிக்க இயலாத குருவும் ஊல்விச் பேராயரும்

பேராயர் ஜான் ஏ. டி. ராபின்சன் எழுதிய 'ஆனஸ்ட் டு காட்' என்னும் சிறுநூல் 1963 மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. அந்நூலுக்கு வாய்த்த புகழே அதற்குத் தீங்காயிற்று என்று நாம் கருதுகிறோம். வெளியீட்டுக்கு முந்திய ஞாயிறன்று 'அப்சர்வர்' இதழ், கடவுளைப் பற்றிய நமது படிமம் ஒழியவேண்டும் எனப் பொருள்படும் தலைப்பில் அவரது கட்டுரையை வெளியிட்டது. நூலைப் பாராதோரும் தலைப்பைப் பார்த்தனர். பேராயரே கடவுளை மறுக்கிறார் என்ற கூக்குரல் எழுந்தது. கான்டர்பரிப் பேராயர் மைக்கேல் ராம்சி அதே ஆண்டில் மறுமொழியாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். தாம் முதலில் கடிந்துகொண்ட முறைக்காக அவர் பின்னாளில் வருந்தினார் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

நூலின் முற்பகுதி இன்று நம்மைப் பெரிதும் அசைப்பதில்லை. வானத்துக்கு மேலே உள்ள கடவுள் என்னும் படிமத்தை விட்டு, அண்டத்துக்கு அப்பால் உள்ள கடவுள் என்னும் படிமத்துக்கு மனிதர் வந்தனர். இனி அதனையும் விட்டு, பவுல் டில்லிக் கூறும் ஆழத்துக்கு வரவேண்டும் என்கிறார் ஆசிரியர். உயரத்தை ஆழமாக மாற்றினும் அதுவும் ஓர் இடவுவமையே அன்றோ? தமிழ்த் திருச்சபையார் இதனால் திடுக்கிட வேண்டியதில்லை. பப்ரிசியுஸ் ஐயர் 'பராபரன்' என்றார்; 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது; 1995இன் திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. பெயரும் படிமமும் ஒன்றல்ல என்பதை அறிவோம். எனினும் பழகிய சொல்லை இழப்பதும் விசுவாசத்தை இழப்பதும் வெவ்வேறு என்பதை நம் சபைகள் தம் அனுபவத்தால் கற்றுள்ளன.

நூலின் உயிர் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. உலகின் நடுவே தூய வாழ்வு எத்தகையது என்று ஆராயும் அப்பகுதியில் ராபின்சன் ஜெபத்தைப் பற்றித் தம்மைத் திறந்து காட்டுகிறார். இறையியல் கல்லூரியில் ஜெபத்தைக் குறித்துப் போதிக்கப்பட்டவற்றில் குற்றம் காண இயலவில்லை. ஆயினும் அவை தம் நிலைமையோடு பேசவில்லை என்கிறார். தம்மைப் போன்றே சோர்ந்து, வாய் திறவாதிருந்த வேறு பலரும் அங்கே இருந்தனர் என்கிறார். பேராயர் ஒருவர் இதனை அச்சில் ஒப்புக்கொண்டது, படிமங்களைப் பற்றிய அவரது வாதம் அனைத்தினும் துணிவானது. குருத்துவப் பயிற்சியில் இருப்போர் இவ்வதிகாரத்தை எங்ஙனம் வாசிப்பர் என்று எண்ணிப் பார்க்கிறோம். காலை ஆராதனையில் உதடு அசைய உள்ளம் வறண்டிருப்பதை ஆசிரியரிடம் சொல்ல அஞ்சி, நண்பரிடம் சொல்ல நாணி, அவ்வறட்சியோடே அபிஷேகம் பெற்றுச் செல்வோர் இல்லையா? பத்தாண்டு கழித்து அவர் பிறருக்காக ஜெபிப்பதில் வல்லவராயிருப்பார். தமக்கென்று ஜெபிக்க ஒரு வார்த்தையும் இல்லாதவராயிருப்பார்.

ராபின்சன் தரும் விடை யாது? மனிதரைச் சந்திக்கும் வேளையிலேயே, அவருக்கு உள்ளத்தை முற்றும் ஈயும் பொழுதிலேயே தாம் மெய்யாக ஜெபிப்பதாக அவர் கூறுகிறார். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருந்த குருவானவர் எவரும் இதிலுள்ள உண்மையை மறுக்கமாட்டார். தனிமையை அவர் முற்றும் தள்ளிவிடவுமில்லை. ஆயினும் தராசு ஒருபுறமே சாய்கிறது. உள்ளத்தை ஈவதற்கு முதலில் ஈயத்தக்க உள்ளம் ஒன்று வேண்டுமே! ஒரு நாளில் முப்பது பேரைச் சந்தித்து, முப்பதாமவரை முகம் பாராமலே அனுப்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

அவர் துணைக்கழைக்கும் போன்ஹோபரே இவ்விடத்தில் அவருக்கு எதிர்ச்சாட்சியாகிறார். மனிதகுலம் முதிர்ந்துவிட்டது, மதம் என்னும் ஆடையில்லாத கிறிஸ்தவம் எத்தகையது என்ற கேள்விகளை 1944 ஏப்ரல் முதல் டேகல் சிறையிலிருந்து எழுதியவர், அதே சிறையில் சங்கீதங்களையும் ஹெர்ன்ஹூட் சபையாரின் அன்றாடத் திருவசனங்களையும் கைவிடாது வாசித்து வந்தார். ஆதித் திருச்சபையின் மறைவொழுக்கத்தையும் அவர் நினைவூட்டினார். உலகை நோக்கிச் சாளரத்தைத் திறந்தவர் உள்ளறையைப் பூட்டிவிடவில்லை. ராபின்சன் சாளரத்தைப் பற்றி விரிவாகவும் உள்ளறையைப் பற்றிச் சுருக்கமாகவும் எழுதினார். அவர் நூலைப் பின்பற்றியோர் சிலர் அச்சுருக்கத்தையும் மறந்தனர் என்பதற்கு அவர்மேல் முழுப்பழி சுமத்துதல் தகாது.

அவரது பிற்கால வாழ்வை அறியாமல் இந்நூலுக்குத் தீர்ப்புச் சொல்லுவோர் தவறுவர். புதிய ஏற்பாட்டு நூல்கள் யாவும் கி.பி. 70க்கு முன்னரே எழுதப்பட்டவை என்று 1976இல் அவர் வாதிட்டபோது, முன்பு அவரை ஏசியோர் திகைத்தனர். 1979இல் வெளிவந்த நூலில் இந்து சமயத்தோடு செவிகொடுத்துப் பேசினார். 1983இல் புற்றுநோய் அவரைப் பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி ஆலயத்தில் அந்நோயைக் குறித்தே அருளுரை ஆற்றினார். அழகிய மாலைவானில் கடவுளைக் காண்போர் புற்றுநோயிலும் அவரைக் காணவேண்டும் என்பதே அவ்வுரையின் கருத்து. டிசம்பரில் மரித்தார். யோவான் நற்செய்தியைப் பற்றி அவர் ஆயத்தம் செய்திருந்த பாம்ப்டன் சொற்பொழிவுகளை, அடுத்த ஆண்டு பேராசிரியர் மூல் அவருக்காக நின்று வாசித்தார்.