அநுபவத்துக்கு மார்க்

ஹாட்ரிக் என்று ஒரு விளையாட்டு. 1997-ல் ஸ்வீடனில் பிறந்தது. கம்ப்யூட்டரில் ஆடுவது, ஆனால் பந்தை நாம் உதைப்பதில்லை. ஒரு கால்பந்துக் குழுவை நம் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். ஆட்களை வாங்கலாம், விற்கலாம், பழக்கலாம், யார் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கலாம். மற்றதை யந்திரம் கணக்குப் போட்டு, ஆட்டம் நடந்த விதத்தை வாசகங்களாக எழுதிக் காட்டுகிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அந்த ஆட்டக்காரர்கள் ரத்தமும் சதையும் இல்லாதவர்கள், கதாபாத்திரங்கள். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

இன்னொரு விசேஷம், திறமையை எண்ணால் சொல்லாமல் அடைமொழியால் சொல்கிறார்கள். 'அறவே இல்லை' என்று தொடங்கி, பரிதாபம், பரவாயில்லை, அபாரம் என்று ஏறி, 'தெய்விகம்' வரை போகிறது. நம் சங்கீத விமர்சகர் யாரையாவது கலந்துகொண்டார்களோ என்னமோ!

பந்தைத் தடுக்க, கோல் போட எல்லாம் பயிற்சி உண்டு. அநுபவத்துக்குப் பயிற்சி கிடையாது. மைதானத்தில் இறங்கினால்தான் அது சேரும். சிநேக ஆட்டத்தில் சொட்டுச் சொட்டாக. லீக் ஆட்டத்தில் அதைவிட வெகு அதிகம். கோப்பைப் போட்டியில் அதற்கும் மேல். தேசக் குழுவில் இடம் கிடைத்துவிட்டால் மடை திறந்த மாதிரி. நூறு சாதாரண நாளும் ஒரு பெரிய நாளும் ஒன்றல்ல என்று இதை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த விவேகத்தை மனசாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும், கோல் போட்டவனுக்கும் கோட்டை விட்டவனுக்கும் ஒரே மார்க். பள்ளிக்கூட ஆஜர்ப் பட்டியல் மாதிரி, வந்தாயா, எத்தனை நிமிஷம் நின்றாய் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

1994-ல் அமெரிக்காவில் பாஸடீனா நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்; பிரேஸிலும் இத்தாலியும். 120 நிமிஷம் ஆடியும் கோல் விழாமல் பெனால்டிக்குப் போயிற்று. இத்தாலியின் அல்பர்தினி அடித்தது வலைக்குள் போனது. கடைசியில் வந்த ராபர்தோ பாஜ்ஜோ அடித்தது கம்பத்துக்கு மேலே பறந்தது, கோப்பையும் போயிற்று. இருவரும் முழு ஆட்டமும் ஆடியவர்கள். ஹாட்ரிக் கணக்குப்படி அன்றைக்கு இருவருக்கும் சேர்ந்த அநுபவம் இம்மியும் பிசகாமல் ஒன்றே! நாலு வருஷம் கழித்து, 1998-ல், பிரான்ஸில் போர்தோ நகரில், சிலி தேசத்துக்கு எதிராக இத்தாலி ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிஷமே பாக்கி. பெனால்டி கிடைக்கிறது. பாஜ்ஜோவே அடித்தார், உள்ளே போயிற்று. அந்தப் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாரே, அந்த நாலைந்து அடிக்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவது?

ஸ்வீடன்காரர்களை மட்டும் சொல்வானேன்? 'வருஷங்கள் உருண்டன, ராமநாதன் பக்குவப்பட்டிருந்தான்' என்று நம் தொடர்கதைகளில் வருவதும் இதே கூட்டல்தான்.

என்னைக் கேட்டால் இரண்டு கணக்கு வைப்பேன். ஒன்று, இப்போது இருப்பது. மற்றது, பட்ட அடி. பெனால்டியை விட்டவனுக்கு உடனே கொஞ்சம் குறைய வேண்டும். சிலருக்கு அது ஆறவே கூடாது. மறுபடி அதே இடத்தில் நின்று அடித்துவிட்டால், ஒருபோதும் தவறாதவனுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு சேர வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காசு கொடுத்து ஆளை எடுப்பவர் உள்ளே என்ன ஆறாமல் கிடக்கிறது என்று தெரியாமல் எடுக்க நேரும். கணக்குத் தெரிந்து ஆடுகிறவர்கள் இதை அநியாயம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கானால் அந்தச் சந்தேகத்தோடு ஒருவனை எடுத்து, இறுதி ஆட்டத்தில் நிறுத்திப் பார்க்கத்தான் ஆசை.