எழுவாய் எங்கே?

"அவனா அடித்தான்? குடியல்லவா அடித்தது!" – ஊரார் நாவிலே உலவும் இந்த வாக்கியத்தைக் கேட்டிராத தமிழர் உண்டோ? கேட்கிறோம், தலையசைக்கிறோம், கலைந்து செல்கிறோம். மண்டை உடைந்தவள் மட்டும் மூலையிலே கிடக்கிறாள். வகுப்பறையிலே இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இதைத் திருத்தாமல் விட மனம் ஒப்பவில்லை. இதிலே எழுவாய் மாற்றப்பட்டிருக்கிறது, செயப்படுபொருள் மறைக்கப்பட்டிருக்கிறது.

இதே வாதம் உச்ச நீதிமன்றத்தின் படியும் ஏறிற்று. 1954 மார்ச்சுத் திங்களில், அந்நாளைய பெப்சு மாநிலத்தில் ஒரு திருமண வீடு, பகல் விருந்து. படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மிதமிஞ்சிக் குடித்தவர், பதினைந்து பதினாறு வயதுச் சிறுவனைச் சற்றே நகரச் சொன்னார். அவன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை உருவினார், வயிற்றிலே சுட்டார். விருந்துண்ண வந்தவன் பிணமானான். ஓர் இருக்கைக்கு ஓர் உயிர்!

போதையில் இருந்தவருக்குக் கொல்லும் நோக்கம் ஏது? ஆகவே இது கொலைக்குற்றமன்று, அதனினும் குறைந்த குற்றமே என்றனர் அவர் தரப்பினர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 85, 86 என்றிருந்த பிரிவுகள், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24 என எண் மாறி நிற்கின்றன. பிறர் வஞ்சகமாகக் கொடுத்தோ, வலிந்து புகட்டியோ, தன் செயலின் தன்மையையே அறியாத நிலைக்கு ஆளானவனை முதற்பிரிவு காக்கிறது. அது நேர்மை. தானே நாடிக் குடித்தவனுக்கோ, தெளிந்தவனுக்கு இருக்கக்கூடிய அறிவு இருந்ததாகவே கொள்ளவேண்டும் என்கிறது அடுத்த பிரிவு. ஆனால் அறிவு, நோக்கம் என இரண்டையும் சொல்லித் தொடங்கும் அப்பிரிவு, முடிக்கும்போது அறிவை மட்டுமே சொல்லி நிற்கிறது. அந்த மௌனத்திலேதான் வாதம் நுழைந்தது.

1956-இல் உச்ச நீதிமன்றம் விடையளித்தது: நோக்கத்தைச் சூழ்நிலைகளிலிருந்து தேர்ந்து காணவேண்டும், போதையின் அளவையும் கருதவேண்டும். அவ்வாறே கண்டது. சில வேளை தள்ளாடினார், உளறினார். எனினும் பிறர் துணையின்றி நடந்து வந்தார், இருக்கையைத் தேர்ந்தார், இடம் கேட்டார். சுட்டபின் தப்பியோட முயன்றார். பிடிபட்டதும் மன்னிக்க வேண்டினார். ஓடத் தெரிந்த அறிவு, சுடும்போது எங்கே ஒளிந்திருந்தது? கொலைக்குற்றமே என்பது உறுதியாயிற்று. ஆயுள் தண்டனையும் நிலைத்தது.

மன்னிப்பு வேண்டியபோது, 'செய்தேன்' என்றாரில்லை. தம்மால் நேர்ந்துவிட்டது என்றாராம்! 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு கருவியையும் குறிக்கும், கருத்தாவையும் குறிக்கும். 'மதுவால் நேர்ந்தது' என்போர் மதுவைக் கருத்தாவாக்கப் பார்க்கிறார்கள். விதி செய்தது, பேய் செய்தது என்ற வரிசையிலே போதை செய்தது என்பதும் ஒன்று. கிண்ணத்தை எடுத்த கை யாருடையது?

உணர்விழந்து தடுமாறியவனையும் திட்டமிட்டுக் கொன்றவனையும் ஒரே தட்டிலே வைக்க நான் சொல்லேன். எடை போடுவதே நீதி. ஆனால் எடைக்கல் குடித்த அளவன்று, நடந்த நடத்தை. முதலாளியின் முன் கைகட்டுகிறான், காவலரைக் கண்டதும் குரல் தாழ்த்துகிறான், வீட்டு வாயிலை மிதித்ததும் மனைவிமேல் கை ஓங்குகிறான் – ஆள் பார்த்து அடிக்கும் போதை என்ன போதை?

நீதிமன்றம் கேட்ட கேள்விகளை ஊரார் கேட்பதில்லை. அவர்கள் மன்றத்திலே குடி முழு விடுதலையே தந்துவிடுகிறது. தோழர்களே, அந்த வாக்கியம் மீண்டும் காதில் விழும்போது, மூலையில் கிடப்பவளை நினைத்து அங்கேயே திருத்துங்கள்: அவன் அடித்தான். அவளை அடித்தான்.