மண்டபம் யாருடைய கதை?

ஓசூரில் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன் நான். ஒருநாள் அவர்களைக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கே நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்டவனுக்கு ஊரார் நாட்டிய கற்கள்! எழுத்துடைய நடுகற்களில் மன்னன் பெயரும் வருவதுண்டு. அது ஆண்டைக் குறிக்க. கல்லோ மாண்டவனுக்கு.

“ஐயா, பெரிய கலைக்கூடங்களைக் கட்டியவர் பெயரும் இப்படிக் கல்லில் இருக்குமா?” என்றான் ஒரு மாணவன்.

அக்கேள்வியோடு சென்னை எழும்பூர் செல்வோம், தோழர்களே! அங்குள்ள தேசியக் கலைக்கூடம் 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டது. 1951-இல் இன்றைய பெயர் பெற்றது. அதன் கதையை எழுதுவோர் எதை எழுதுகின்றனர்? அரசியின் பெயர், திறந்துவைத்த ஆளுநர் லாலியின் பெயர், வரைந்து தந்த ஹென்றி இர்வினின் பெயர். ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார்வரை வருவர். அதற்குக் கீழே இறங்கார்! சிவந்த கல்லைச் செதுக்கியவன் யார்? சாரத்தின்மீது சாந்துச் சட்டி சுமந்தவள் யார்?

அக்கூடம் தன் வரலாற்றையே காட்சியாக்க முனைந்தால், முதல் அறையில் அரசியின் படம் வேண்டாம். கொத்தனின் மட்டக்கோலை வைக்கட்டும். அருகிலேயே, மண்டையும் மூக்கும் அளந்த தர்ஸ்டனின் கருவியை வைக்கட்டும். ஆம்! 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் அவர். மக்களை அளந்து, சாதிவாரியாக அடுக்கி, ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவை வெளிவந்த ஆண்டும் 1909! கலைக்கு ஒரு மண்டபம். சாதிக்கு ஏழு நூல்! அந்நூல்களில் பயனுள்ள செய்திகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், மூக்கின் அகலத்தால் மனிதனைத் தரம்பிரித்த ‘அறிவியல்’ பின்னாளில் பொய்த்துப்போனதே! அதைச் சொல்லாமல் அவ்வளாகத்தின் வரலாறு முழுமையாகுமா?

வீண் கனவு என்று நகைப்போர் அமெரிக்கப் பால்டிமோரைப் பார்க்கட்டும். 1992-இல் மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேமிப்பைத் துருவிய கலைஞர் ஃபிரெட் வில்சன், பளபளக்கும் வெள்ளிக் கலங்களின் நடுவே அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்கை வைத்தார். தலைப்பு, ‘உலோக வேலைப்பாடு’. அவ்வளவே! இரண்டும் அக்கழகத்தின் உடைமைகள்தாம். அடுத்தடுத்து வைக்கத்தான் அதுவரை ஆளில்லை.

எழும்பூர் மண்டபம் விரிசல் கண்டு பல்லாண்டு பூட்டிக் கிடந்ததையும் மறைக்க வேண்டாம். கடைசிச் சுவரை மட்டும் வெறுமையாக விடச் சொல்வேன். கட்டுமானக் கூலிக் கணக்கு ஏதேனும் ஓர் ஆவணக் கட்டில் அகப்பட்டால், அதிலுள்ள பெயர்களை அங்கே பொறிக்கலாம்.