மில்லின் முறைப்பாடும் தனிப்போக்கினரும்

உடையிலும் நடையிலும் ஊரோடு ஒவ்வாத மனிதர் அருகிவருகின்றனர் என்னும் முறைப்பாடு புதியதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் முதியோர் தம் இளமைக்காலத்து விநோத மனிதரை நினைந்து, அத்தகையோரை இனிக் காண்டல் அரிதென இரங்குதல் வழக்கம். இவ்விரக்கத்தை வெறும் பழமைப் பற்றென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த சிந்தனையாளருள் ஒருவர் இதனையே ஒரு சமுதாயத்தின் நோய்க்குறியாகக் கொண்டு ஆராய்ந்துள்ளமையால், இப்பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். யோன் ஸ்ருவாட் மில் என்னும் ஆங்கில அறிஞர் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலே ஈண்டுக் கருதப்படுவது.

அந்நூலின் மூன்றாம் அதிகாரம் தனித்துவத்தின் சிறப்பைப் பேசுவது. ஒரு சமுதாயத்திலே தனிப்போக்கினர் எவ்வளவினரோ, அவ்வளவினதாகவே அங்கு அறிவாற்றலும் மனவுரமும் இருக்குமென்பது மில்லின் கருத்து. தம் காலத்திலே தனித்து நடக்கத் துணிவோர் மிகச் சிலராயினமையே அக்காலத்தின் தலையாய ஆபத்தென அவர் கண்டார். அதற்கு அவர் காட்டும் காரணங்கள் தெளிவானவை. கல்வி யாவர்க்கும் ஒரே கருத்துக்களை ஊட்டுகின்றது. போக்குவரத்து வசதிகள் வெவ்வேறிடத்து மக்களை ஒன்றுகலக்கின்றன. வாணிகமும் கைத்தொழிலும் எல்லோர் ஆசைகளையும் ஒரே திசையிற் செலுத்துகின்றன. இவையனைத்துக்கும் மேலாகப் பொதுமக்கள் அபிப்பிராயம் அரசனிலும் கொடிய ஆட்சியாளனாய் வீட்டினுள்ளும் புகுந்துவிட்டது. ஆகவே, வழக்கத்துக்குத் தலைவணங்க மறுத்தல் தானே ஒரு தொண்டு என்பது அவர் முடிபு.

இம்முடிபு எத்துணை உண்மை என்பதை முதலில் அவர் காலத்து வரலாற்றைக் கொண்டே சோதித்தல் வேண்டும். மில்லின் தந்தைக்கு உற்ற நண்பரும், மில்லுக்கே ஆசான் போன்றவருமான ஜெரமி பெந்தாம் 1832இல் இறந்தார். தம் உடலை அறுத்து ஆராய்ந்தபின் எலும்புக்கூட்டிற்குத் தம் உடையையே அணிவித்து நாற்காலியில் இருத்துமாறு அவர் விருப்ப ஆவணம் எழுதிவைத்தார். மெழுகாலான தலையோடு கூடிய அவ்வுருவம் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் இருக்கின்றது. யோர்க்ஷயரில் வாழ்ந்த சாள்ஸ் வாற்றேட்டன் என்னும் நிலக்கிழார் தென்னமெரிக்காவில் முதலையினத்து விலங்கொன்றின்மீது ஏறியிருந்து அதனைப் பிடித்தவர். கட்டையைத் தலையணையாக வைத்து வெறுந்தரையில் உறங்கியவர். தம் தோட்டத்தைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மைல் நீளமான மதிலெழுப்பிப் பறவைகளுக்குப் புகலிடம் அளித்தவரும் அவரே. போர்ட்லன்ட் என்னும் பெயர்தாங்கிய பிரபுவமிசத்தின் ஐந்தாவது கோமகனோ பிறர் கண்ணிற் படுதலை அஞ்சித் தம் மாளிகையின் அடியில் சுரங்கவழிகளும் பெரிய மண்டபமும் அமைப்பித்தார். முன்னவர் இறந்தது 1865இல். பின்னவர் இறந்தது 1879இல். அஃதாவது, தனிப்போக்கினர் அருகிவிட்டனர் என்று மில் எழுதிய ஆண்டிலே இவ்விருவரும் உயிரோடிருந்தனர்.

எனின், மில் பிழைபட்டார் என்று கொள்ளலாமோ? அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. இவ்வெடுத்துக்காட்டுகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலப்படும். வாற்றேட்டனும் கோமகனும் நிலவுடைமையாளர். அவர்களுக்கு மேலதிகாரி இலர். நாட்கூலி கொடுப்பார் இலர். அயலவரின் நன்மதிப்பை நம்பிப் பிழைக்கவேண்டிய நிலையும் இல்லை. இவர்களுக்கு முன் வாழ்ந்த விஞ்ஞானி ஹென்றி கவெண்டிஷும் அத்தகையவரே. பூமியின் அடர்த்தியை 1798இல் அளந்து கூறிய அப்பேரறிஞர், வழக்கொழிந்த பழைய மேலங்கியையும் முக்கோணத் தொப்பியையும் விடாது அணிந்தார். பணிப்பெண்களோடு பேசக் கூசிக் குறிப்பெழுதி வைத்தார். பெருஞ்செல்வம் இருந்தமையால் அக்கூச்சம் அவருக்கு இடையூறாகவில்லை. அதே கூச்சம் ஓர் ஏழை எழுதுவினைஞனிடம் இருந்திருப்பின் அவன் வேலையிழந்திருப்பான்.

இங்ஙனம், செல்வனிடத்து விநோதமாகத் தோன்றியதே ஏழையிடத்துப் பித்தாக எண்ணப்பட்டது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டமும் வறிய மனநோயாளர்க்கென இல்லம் அமைத்தல் வேண்டுமென விதித்தது. மில்லும் இதனை முற்றிலும் அறியாதவரல்லர். ஒருவர் தம் சொத்தைத் தாமே ஆளத் தகுதியற்றவரெனக் காட்டுதற்கு அவருடைய அன்றாட விநோதச் செயல்களை நீதிமன்றத்தில் அடுக்கிக் கூறும் வழக்கத்தை அவர் அதே அதிகாரத்தின் அடிக்குறிப்பொன்றிற் கடுமையாகக் கண்டிக்கின்றார். ஆயினும், அவர் கண்டித்தது சொத்துடையார்க்கு நேர்ந்த இன்னலையே. சொத்தில்லாதவன் தனித்து நடக்க என்ன செய்வான் என்னும் வினாவை அவர் உரிய அளவில் எழுப்பவில்லை. தனித்துவத்திற்கு வேண்டிய சுதந்திரத்தையும் உடைமை தரும் சுதந்திரத்தையும் பிரித்துணராமை அவர் வாதத்திலுள்ள முதற் குறையாம்.

இனி உடையைக் கருதுவோமாயின், ஒருமைப்பாடு எவ்வாறு வந்ததென்பது இன்னும் தெளிவாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் செல்வர் பட்டும் சரிகையும் அணிந்தனர். பொய்முடி தரித்து மாப்பூசினர். அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வழக்கம் அற்றது. கரிய மேலங்கியும் நெடுங்காற்சட்டையும் வெண்ணிறக் கழுத்துத் துணியும் ஆடவரின் பொது உடையாயின. இம்மாற்றத்தை நாகரிகமாக்கியவருள் தலையாயவர் இளவரசரின் நண்பராயிருந்த பிறம்மல். உளவியலறிஞர் புளூகல் 1930இல் வெளியிட்ட நூலில் இதனை ஆடவரின் பெருந்துறவு என வருணித்தார். பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவக் கொள்கையும், அலுவலகத் தொழிலும், பின்னர் வந்த தையற்பொறியும் ஆயத்த ஆடையும் அத்துறவை நிலைநிறுத்தின. ஊர் முழுவதற்கும் ஒழுங்கான உடையைக் கற்பித்த பிறம்மல் கடன்பட்டு 1816இல் பிரான்சுக்கு ஓடி, 1840இல் மனநோயாளர் இல்லமொன்றில் இறந்தாரென்பது நினைவுகூரத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1930களில் இலண்டன் தெருக்களிலே தலைமயிருக்குச் சாயமிட்டு, முகத்திற்கு வண்ணம் பூசித் திரிந்த குவென்ரின் கிறிஸ்ப் பலமுறை அடியுண்டார். 1960களில் அந்நகரின் காணபி வீதியிலே வண்ண உடைகள் விற்பனைப் பொருளாயின. 1976ஆம் ஆண்டையடுத்துப் பங்க் எனப்பட்ட இளைஞர் கிழிந்த உடையில் ஊசிகுத்தித் தலைமயிரைச் சேவற் கொண்டைபோல் நிறுத்தினர். சில ஆண்டுகளுள் அவர்களின் உருவமே சுற்றுலாப் பயணிகளின் அஞ்சலட்டையை அலங்கரித்தது. இவற்றைத் தனிப்போக்கின் பெருக்கமெனக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. ஒரு கூட்டத்தார் யாவரும் ஒரே வகையாகக் கிழிந்த உடை அணிவராயின் அவ்வுடையும் சீருடையே. கிறிஸ்ப் தனித்து நின்றார். பின் வந்தோர் அணியாக நின்றனர். முன்னவர் விலை கொடுத்தார். பின்னவர்க்குக் கடைக்காரன் விலை குறித்தான்.

இங்கு மில்லின் இரண்டாவது குறை வெளிப்படுகின்றது. வழக்கத்தை மறுத்தல் தானே தொண்டாகுமெனின், மறுத்தற்பொருட்டே மறுப்போர் தோன்றுவர். ஊரார் வலம் செல்வதைக் கண்டு இடம் செல்பவனும் ஊராரைப் பார்த்தே வழி தெரிகின்றான். அவனும் பொது அபிப்பிராயத்தின் அடிமையே. உண்மையான தனிப்போக்கினனோ ஊராரைப் பாராதவன். ஸ்ரான்லி கிறீன் என்பவர் 1968ஆம் ஆண்டு தொடக்கம் தாம் இறந்த 1993 வரை இலண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியிலே பலகை தாங்கி நின்றார். புரத உணவு காமத்தைத் தூண்டுமாதலின் அதனைக் குறைத்தல் வேண்டுமென்பது அவர் போதனை. அக்கொள்கை பிழையாகலாம். ஆயினும், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஏளனத்தைப் பொருட்படுத்தாது நின்ற அவர் எவரையும் வியப்பூட்ட நிற்கவில்லை. தாம் நம்பியதைச் சொல்லவே நின்றார். அவர் இறந்தபின் அப்பலகையை இலண்டன் நூதனசாலை ஏற்றுக்கொண்டது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு நெடுங்காலம் அறிந்திருந்தது. உலகத்தோடு பொருந்த ஒழுகக் கல்லாதார் பல நூல் கற்றும் அறிவிலாரென வள்ளுவர் ஒழுக்கமுடைமையிற் கூறினார். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மில்லுக்கு நேர்மாறாகத் தோன்றும். ஆயின், பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரைப் போற்றியதும் அதே தமிழ்ச் சமுதாயமே. யாழ்ப்பாணத்திலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் பலர் விசரர் என்றே கருதினர். கந்தலுடையும் தமக்குட் பேசும் பேச்சுமாக அவர் 1915இல் மறையும்வரை வாழ்ந்தார். அவரிடமே யோகர் சுவாமிகள் ஞானம் பெற்றார். ஊர் அவரை ஏசியது உண்மை. ஆயினும் தேரடியிலிருந்து துரத்தவில்லை. உலகத்தோடு ஒட்ட ஒழுகுதல் பொதுவிதியாக, ஒட்டாதவனுக்கும் ஓரிடம் ஒதுக்கிவைத்தல் சிறப்புவிதியாக அமைந்ததெனலாம்.

உடையிலும் இவ்வாறே. காந்தியடிகள் 1921 செப்டெம்பரில் மதுரையிலே மேலாடையைத் துறந்து முழங்காலளவான ஆடையை ஏற்றார். 1927இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோதும், 1931இல் இலண்டனிலே மன்னரைக் கண்டபோதும் அவ்வுடையிலேயே தோன்றினார். அதனை நகைத்தோர் பலர். அவரோ பிறரினின்று வேறுபடவன்று, வறியவரோடு ஒன்றுபடவே அதனை அணிந்தார். தனித்துத் தோன்றிய அவ்வுடை உண்மையிற் கோடிக்கணக்கானோரின் உடை. அகத்திலுள்ள பற்றுறுதியின் புறத்தோற்றமாக உடை அமையும்போது அதனை விநோதம் என்னும் சொல்லால் அளக்கவியலாது.

ஆகவே, தனிப்போக்கினர் மறைகின்றனரா என்னும் வினாவிற்கு ஒரே விடை கூறல் இயலாது. செல்வத்தால் வந்த விநோதம் பெருநிலக்கிழார் அருக அருகியது. காட்சிக்கான விநோதம் பெருகியிருக்கின்றது. மேனாட்டுப் பெருநகரிலே எவ்வுடை அணியினும் திரும்பிப் பார்ப்பார் அரியர். ஆதலின் உடை தன் பொருளை இழந்தது. ஆனால் நடத்தையோ முன்னரிலும் நெருக்கமாகக் காவல் செய்யப்படுகின்றது. அன்று தெருவிற் தனக்குள் பேசிச் சென்றவனை அத்தெரு மட்டுமே கண்டது. இன்று கைபேசியிற் படம்பிடிக்கப்பட்டு அவன் உலகெங்கும் நகைப்புக்கு இலக்காகின்றான். மில் அஞ்சிய அபிப்பிராய ஆட்சிக்கு இப்போது மறவாத கண்ணும் வாய்த்துவிட்டது. அவருடைய முறைப்பாடு 1859இற் பாதியளவு உண்மையாயிருந்திருப்பின், இன்று அதனினும் பெரும்பங்கு உண்மையாகும்.

இங்ஙனமாயின் கல்விக்கூடங்களின் கடமை யாது? சீருடையை நீக்குதல் விடையாகாது; செல்வரும் வறியரும் ஒரே வாங்கில் ஒப்ப அமர உதவும் சீருடை காந்தியடிகளின் நோக்கத்திற்கு அணித்தானதே. உடை ஒன்றாயிருக்கும் வகுப்பிலே உள்ளமும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென வற்புறுத்துவதே தீங்கு. விளையாட்டு வேளையில் எறும்பின் நிரையைப் பார்த்து நிற்கும் மாணவனும், எவரும் கேளாத வினாவைக் கேட்டு நகைப்புக்கு ஆளாகும் மாணவனும் எல்லா வகுப்புக்களிலும் இருப்பர். அவர்களுள் ஒருவன் கவெண்டிஷ் ஆகலாம், பெரும்பாலோர் ஆகார். ஆகாதவனையும் நகையாது விடுதலே ஒரு சமுதாயத்தின் பண்பாட்டுக்கு உரைகல். தேரடி இன்றும் இருக்கின்றது; அங்கு இருப்பவனை இருக்கவிடும் பொறுமை இருக்கின்றதா என்பதே இனி ஆராயத்தக்கது.