சூசை வழக்கும் திருச்சபையின் சாட்சியும்

1985ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் சூசை வழக்கில் அளித்த தீர்ப்பை நம்மிற் பலர் நீதிமன்றத்தின் குறையாகவே பேசிவருகிறோம். அதனை மீண்டும் ஆராய்கையில், குறையில் ஒரு பங்கு நம்முடையது என்பது புலனாகிறது.

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவருக்கு, அத்தொழில்செய்யும் பட்டியல் சாதியார்க்கு அரசு இலவசமாய் வழங்கிய பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி கிறிஸ்தவரைப் பட்டியலில் ஏற்காமையே காரணம்.

மதம் மாறியபின் சாதி நீடிப்பதாகக் காட்டுவது போதாது. அதன் இன்னல்கள் புதிய சமுதாயத்திலும் கொடுமை குன்றாது தொடர்வதாக நிறுவவேண்டும் என்றது நீதிமன்றம். இச்சுமையை ஓர் ஏழைத் தொழிலாளியின் தோளில் ஏற்றியது முறையன்று. அது அரசே ஆராய்ந்தறிய வேண்டிய பொருள். சேரியில் வாழ்வோரை இழிவாக நோக்குவோர் அவர்தம் ஞானஸ்நானத்தை விசாரிப்பதில்லை.

எனினும் வேண்டிய சான்று எவரிடம் இருந்தது? சாதிவாரியாகப் பிரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டங்களும், சாதிக்கணக்கில் நடைபெறும் சபைத் தேர்தல்களும் நாம் அறியாதவையா? நீதிமன்றத்தில் ‘சாதி உண்டு’ என்றும், பிரசங்க பீடத்தில் ‘இல்லை’ என்றும் உரைக்கும் திருச்சபையின் சாட்சியை எவர் ஏற்பர்?

சீக்கியர் 1956லும் பௌத்தர் 1990லும் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியையே நீக்கப் பரிந்துரைத்தது. ஆகவே நம் கோரிக்கை நியாயமானதே. ஆயினும் அதனை அரசின்முன் வைக்கும் குருமார், தம் சபையின் கல்லறைச் சுவரைப்பற்றி முதலில் தம் சபையாரிடம் பேசக் கடமைப்பட்டுள்ளனர்.